தள்ளலாம், திறக்க முடியாது

தகரத்தில் உள்ளங்கை அறையும் ஓசை கேட்டால் இன்றும் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. பஸ்ஸின் பக்கவாட்டில் கண்டக்டர் தட்டினாலும் சரி, டோல்கேட் முனையில் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி கிளீனர் தட்டினாலும் சரி. வா, வா, வா, வா, டப். அந்த டப்புக்குப் பிறகு ஒரு கதவு திறக்கும் ஓசை வருகிறதா என்று காது காத்திருக்கும். எங்கள் பழைய வேன் அப்படித்தான் திறந்துகொண்டிருந்தது. பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி உள்ளங்கையால் ஓர் அறை. அறைந்த அதிர்வு அடங்குவதற்குள் மறுகையால் ஓர் இழுப்பு. சாவி என்று ஒன்று இருந்தது. அது வண்டியைக் கிளப்புவதற்கு.

இந்த வித்தை எங்கள் ராயபுரம் சந்தில் எல்லோருக்கும் தெரியும். மழை வந்தால் காயவைத்த துணியைக் கொண்டுவந்து வண்டிக்குள் போடுவார்கள். யாரோ ஒருத்தர் தன் குடையை உள்ளே விட்டுவிட்டு, மறுநாள் எங்களிடமே வந்து, என் குடையை ஏன் எடுத்துப் போனீர்கள் என்று சண்டை போட்டார்.

நானும் என் தங்கச்சியும் தராசு சர்வீஸ் செய்கிறோம். காசிமேட்டு மீன் தராசு, தண்டையார்பேட்டையில் தென்மாவட்டத்துக்காரர்களின் மளிகை மண்டித் தராசு, திருவொற்றியூர் காயலான் கடையின் மேடைத் தராசு, இவற்றில் ஏதாவது ஒன்று கூடவோ குறையவோ காட்டத் தொடங்கினால் எங்களுக்கு போன் வரும். கடல்காற்று எங்களுக்குச் சோறு போடுகிறது. உப்பு எந்த இடுக்கையும் விடுவதில்லை. தராசின் வயிற்றைத் திறந்தால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் போர்டின் செம்புக் கோடுகளில் பச்சை பூத்திருக்கும். அதைத் துடைத்து உயிர்ப்பிப்பது என் வேலை. வண்டி ஓட்டுவதும், கற்களைத் தூக்குவதும், வாடிக்கையாளரிடம் பேசுவதும் அவள் வேலை. நாற்பதைத் தாண்டியவள். இருபது கிலோ இரும்புக்கல்லை இடுப்புக் குழந்தை போலத் தூக்கி வருவாள்.

கல் என்று நாங்கள் சொல்வது எடைக்கல்லை. சர்க்கார் முத்திரை குத்திய கற்கள். பெரியவை இரும்பு. சிறியவை பித்தளை, ஒரு மரப்பெட்டியில் குழி குழியாக உட்கார்ந்திருக்கும். அந்த முத்திரை இல்லாமல் நாங்கள் எந்தத் தராசையும் சரி என்று சொல்ல முடியாது. சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு மதியம் மண்டித் தெருவில் நாங்கள் இருவரும் கடைக்குள் இருந்த நேரத்தில், யாரோ எங்கள் வண்டியை அறைந்து இழுத்திருக்கிறார். பித்தளைக் கற்கள் பெட்டியோடு போயின. பூட்டு உடையவில்லை, கதவில் ஒரு கீறல் இல்லை. எங்களைப் போலவே திறந்து, எங்களைப் போலவே சாத்திவிட்டுப் போயிருந்தார். அந்த மரியாதைதான் தங்கச்சியை அதிகம் எரித்தது. புதிய கற்கள் வாங்கி, முத்திரை வாங்கி முடிக்கும் வரை வேலை நின்றது.

அதற்குப் பிறகு வண்டி தனியாக நிற்கவில்லை. நான் காவல். அவள் உள்ளே போவாள். நான் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்திருப்பேன். எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். கன்டெய்னர்களின் இடைவெளியில் கிழிந்த நீலமாகக் கடல் தெரியும். காற்று திரும்பினால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகை வந்து பக்கத்து சீட்டில் உட்காரும். இதையெல்லாம் எழுதிப் பார்க்கலாம்தான். எழுதினேன்தான். ஆனால் என் விரல்கள் ஈயப்பற்றுக் கோலுக்குப் பழகியவை. சும்மா உட்கார உட்கார அவை என் தொடையையே தட்டிக்கொண்டிருந்தன. எங்கள் சர்வீஸ் கடையில் திறந்துபோட்ட தராசுகள் குவிந்தன. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள் வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் காட்டுப்பள்ளிப் பக்கத்து சரக்கு யார்டு ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே உள்ள தராசுகள் அத்தனையையும் வாராவாரம் வந்து சரிபார்க்க வேண்டும். எங்களுக்கு அது எவ்வளவு பெரியது என்பதைக் கடலோரத்தில் பிழைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன்பிடி தடைக்காலம் வந்தால் படகுகளோடு சேர்ந்து காசிமேட்டுத் தராசுகளும் தூங்கிவிடும். வருடா வருடம் அந்த நாட்களை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டுவோம். யார்டு வேலை கிடைத்தால் மூச்சு விடலாம். ஆனால் உள்ளே போக பாஸ் ஒரு ஆளுக்குத்தான். வண்டி வெளியே, லாரிகள் நிற்கும் சாலையோரத்தில், பாதி நாள் நிற்க வேண்டும். நான் காவலுக்குப் போனால் கடை பூட்டிக் கிடக்கும். போகாவிட்டால் வண்டி அனாதை.

தங்கச்சி ஒரு டீயைக் குடித்து முடிக்கும் நேரத்தில் முடிவெடுத்துவிட்டாள்.

"நா ஒத்தயா போறேன்ணா."

வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன்.

"வண்டியே பாத்துக்கணும். அதுக்கு இன்னா பண்ணணுமோ அத்த பண்ணு."

யார்டுக்காரர்களிடம் அடுத்த மாதம் முதல் வருகிறேன் என்று சொல்லியும்விட்டாள். இனி பின்வாங்க வழியில்லை.

முதலில் எல்லாக் கதவுக்கும் புது பூட்டு மாற்றினோம். பழைய பூட்டுகளைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. உள்ளே பற்கள் தேய்ந்து பல் விழுந்த கிழவர்களாக இருந்தன; என் ஸ்கூட்டர் சாவி போட்டாலும் திறந்தன, பக்கத்து வீட்டு பீரோ சாவி போட்டாலும் திறந்தன. புதியவை டக் டக் என்று விழுந்தன. எனக்குத் திருப்தி. அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கினாள். தன் வண்டியைத் தானே உடைத்துப் பார்க்கப் போகிறாளாம். என்னால் உடைக்க முடிந்தால் திருடனாலும் முடியும் என்பது அவள் கணக்கு.

சர்ச்சில் பூசை முடிந்து வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. பூட்டை அவள் தொடவில்லை. பூட்டுக்கு ஓரமாகத் தகரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஓர் அடி. துருப்பிடித்த தகரம் அப்பளமாக விட்டுக்கொடுத்தது. உள்ளே விட்டு நெம்பினாள். கம்பி நகர்ந்தது, கதவு திறந்தது. யாரோ கைதட்டினார்கள். போலீஸைக் கூப்பிடட்டுமா என்று ஒருவர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர், இவ்வளவு சுலபமாக இருந்தால் நானும் இந்தத் தொழிலுக்கே வந்திருப்பேனே என்று வருத்தப்பட்டார்.

அதிலிருந்து வார நாட்களில் பூட்டுவதும் ஞாயிற்றுக்கிழமை உடைப்பதும் எங்கள் வழக்கமாயிற்று. உதவிக்கு என் பால்ய தோஸ்து வந்தான். திருவொற்றியூரில், கன்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டர். எங்களுக்கு அவன் மாமு. எதையும் கன்டெய்னராகத்தான் பார்ப்பான். எங்கள் வேனைப் பார்த்ததும் இது குட்டிப்பெட்டி என்றான். பெட்டிக்குப் பூட்டு எதற்கு, சீலு போடு என்றான். துறைமுகத்தில் கன்டெய்னர் கதவுக்கு அடிப்பார்களே, விரல் தடிமன் இரும்பு ஆணி. ஒருமுறை அழுத்தினால் அழுத்தியதுதான், அப்புறம் பெரிய கட்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவன் சொன்னது எங்கள் மூவருக்குமே மிகச் சரியாகப் பட்டது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது சரியாகத்தான் படும். முன்னும் பின்னும் எல்லாக் கைப்பிடிகளிலும் கொண்டி வைத்து, கதவுக்கொரு சீலை நுழைத்து, மாமு தன் முழு எடையையும் போட்டு அழுத்தினான். கடக். தங்கச்சி இழுத்துப் பார்த்தாள், நெம்பினாள், தொங்கினாள். அசையவில்லை. மாமு அந்தோணியார் சொரூபம் போல ஒரு கையைத் தூக்கி நின்றான்.

"செரி மாமு, இப்ப தொற," என்றாள்.

"கட்டரக் குடு."

"நீதான வெச்சுகினு இருந்த."

மாமு வேனைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். கட்டர் உள்ளே இருந்தது.

அவன் யார்டுக்குப் போய் வேறு கட்டர் வாங்கி வரும் வரை சந்து முழுக்க அந்த வண்டியைச் சுற்றி வந்து, சீல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று எங்களிடம் எடுத்துச் சொன்னது. மறுநாள் டீக்கடையில்கூட ஒருவர், உலகத்திலேயே பத்திரமான வண்டி என்று மாமுவுக்குக் கைகொடுத்தார்.

சீலை விட்டோம். மாமு ரோஷத்தோடு வேலையில் இறங்கினான். பூட்டைச் சுற்றி உள்பக்கமாகத் தடித்த இரும்புத்தகடு வைத்தான், ஸ்க்ரூடிரைவர் நுழையாதபடி. கொண்டிகளுக்கு வெளியே தலை தெரியாத உருண்டை போல்ட்டுகள் போட்டு, உள்ளே நட்டை வெல்டிங் அடித்தான். தங்கச்சி அடுத்த ஞாயிறு பூட்டுப் பக்கமே போகாமல், கதவுக் கீலின் ஊசியைக் கீழிருந்து தட்டி எடுத்து, கதவையே மறுபக்கமாகக் கழற்றி வைத்தாள். மாமு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கீல் ஊசிகளின் தலையிலும் காலிலும் வெல்டிங் விழுந்தது. உப்புக்காற்றில் எண்ணெய் போட்டால் தூசி சேர்ந்து பூட்டு இறுகும் என்பதால் பென்சில் கரியைத் தூளாக்கி நான் ஊதினேன். முன்கதவுகளுக்கும் அதே கொண்டி, அதே தகடு. போதாததற்கு, ஸ்டீயரிங்கை பிரேக் பெடலோடு சேர்த்து ஒரு சங்கிலி.

அதற்கடுத்த ஞாயிறு அவளால் உடைக்க முடியவில்லை. வேர்த்து வழிந்தாள், கை சிராய்த்தது, விடவில்லை. வெயில் ஏறி, வேடிக்கை பார்த்தவர்கள் மீன்குழம்பு நினைவு வந்து கலைந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுத்தியலைக் கீழே போட்டாள். அவள் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை காசிமேடு. ஏலம் விடும் ஓர் அக்காவின் தராசு ஈரத்தில் செத்திருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு நானும் வண்டியை விட்டு இறங்கினேன். அவள் கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, சங்கிலியை மாட்டி, ஒவ்வொரு கதவாகப் பூட்டி வந்தாள். சாவிக்கொத்து இடுப்பில் கலகலத்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். திரும்பிப் பார்க்காமல் நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

போர்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வழியிலிருந்து கூச்சல் வந்தது. ஓடினோம். வண்டி நின்ற இடத்தில் கோணலாக, ஒரு சக்கரம் ஐஸ் குவியலில் ஏறி நின்றது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இல்லை. சீட்டெல்லாம் சில். திருட்டு என்றுதான் நான் நினைத்தேன். தங்கச்சி நேராகப் பின்கதவுக்குப் போனாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்து பார்த்தாள், கற்கள் அப்படியே இருந்தன.

கண்ணாடியை உடைத்தது திருடன் இல்லை. துறைமுகமே சேர்ந்து உடைத்திருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் சிறுபிள்ளையிலிருந்து பார்த்தது. ஏலக்கூடத்து வழியில் வண்டி நிறுத்துகிறவர் கியரை விடுவித்து, கைபிரேக்கை இறக்கி, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். கதவைப் பூட்ட மாட்டார். பின்னால் ஐஸ் வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார், நாலு பேர் தள்ளி ஓரங்கட்டுவார்கள். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. அந்த வழி அப்படித்தான் ஓடுகிறது. பூட்டின் பெருமையில் அதை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். ஐஸ் வண்டி வந்திருக்கிறது. கதவு திறக்கவில்லை. கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு பிரேக்கை இறக்கி, கியரையும் விடுவித்திருக்கிறார்கள். சங்கிலி ஸ்டீயரிங்கை விடவில்லை. கடைசியில் பின்பக்கத்தை ஆளாளுக்குப் பிடித்துத் தூக்கி நகர்த்தியிருக்கிறார்கள்.

யாருடைய தராசுக்காக வந்தோமோ அந்த அக்காவே எங்களுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஐஸ் அவளுடையதுதான்.

"என் மீனு வெயில்ல கெடக்குது. உன் வண்டி கல்யாணப் பொண்ணு கணக்கா நகையப் பூட்டிகினு நட்ட நடுவுல நிக்குதா?"

தங்கச்சி திருட்டுப்போன கதையைச் சொன்னாள். அக்கா குறுக்கிட்டாள்.

"கல்லு போச்சுன்னா கல்ல மட்டும் பூட்டும்மே. ஸ்டேரிங்க எவன் தின்னப் போறான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. சில்லைப் பெருக்கினாள். நான் தராசை முடித்துக் கொடுத்தேன். அக்கா வாங்கி, ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி அதன்மேல் போட்டு, எண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். சமாதானம் அவ்வளவுதான்.

திரும்பும்போது உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று எங்கள் முகத்தில் அறைந்தது. இனி யார்டு வேலையை விட்டுவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அங்கேயும் லாரிகள் நிற்கும் சாலைதான். அங்கேயும் யாராவது தள்ளத்தான் செய்வார்கள்.

"அக்கா சொன்னது கரீட்டுண்ணா," என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி. "முன்னாடிய தொறந்து உட்ருவோம். பின்னாடிய மட்டும் பூட்டுவோம். நடுவுல செவுரு."

"வண்டியவே எடுத்துகினு போய்ட்டான்னா?"

"கெளம்பாத வண்டிய எங்க எடுத்துகினு போவான்? மணலி வரிக்கும் தள்ளிகினா?"

அன்றே மாமுவைக் கூப்பிட்டோம். கழித்துப்போட்ட கன்டெய்னரின் மடிப்புத்தகடு ஒன்றை வாங்கி வந்து, சீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை சுவராக நிறுத்தினான். எங்கோ எந்தக் கடலையோ தாண்டி வந்த இரும்பு. வெல்டிங் நெருப்பு பட்டதும் அதன் பழைய பெயின்ட் புகைந்து, எங்கள் சந்தில் பல துறைமுகங்களின் வாசம் அடித்தது. சுவர் வந்ததும் பின்னால் பார்க்கும் கண்ணாடி குருடாயிற்று. தங்கச்சி ஓட்டிப் பார்த்துவிட்டு, முடியாது, வெட்டு என்றாள். அஞ்சல் அட்டை அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி கம்பிவலை அடித்தோம். வெளியே பெரிய பக்கக் கண்ணாடிகள் வைத்தோம். முன்கதவுக் கொண்டிகளைக் கழற்றினோம். சங்கிலி போயிற்று. ஸ்டீயரிங் தானாகப் பூட்டிக்கொள்ளும் பழைய ஏற்பாட்டையும் மாமு பிரித்துப்போட்டான். பதிலுக்கு, பேட்டரியிலிருந்து வரும் வயரை நான் வெட்டி, சீட்டுக்கு அடியில் தெரியாத இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அதை அணைத்தால் வண்டி வெறும் தகரம். தள்ளலாம், திருப்பலாம், ஓரங்கட்டலாம். கிளப்ப முடியாது. கல்லிருக்கும் பக்கம் திறக்க முடியாது. கல் பெட்டிகளையும் தரையோடு போல்ட் போட்டாள் அவள். எவனாவது தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டாலும், அவனுக்கு வேலை கொடுக்க வேண்டுமாம்.

ஞாயிறு சுத்தியலோடு இறங்கினாள். பின்கதவு, பக்கக்கதவு, சுவர், எல்லாம் தட்டினாள். மாமு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் விடவில்லை. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. மறுநாள் அதே காசிமேட்டில், அதே வழியில், வேண்டுமென்றே நட்டநடுவில் நிறுத்தினாள். கியரை விடுவித்து, பிரேக்கை இறக்கி, செங்கல் வைத்து, முன்கதவை வெறுமனே சாத்திவிட்டு என்னைத் தரதரவென்று டீக்கடைக்கு இழுத்துப் போனாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வழியையே எட்டி எட்டிப் பார்த்தேன்.

திரும்பி வந்தால் வண்டியைக் காணோம்.

நான் வழியின் இரண்டு முனைக்கும் ஓடிப் பார்த்தேன். அவள் மதில் பக்கமாக நடந்தாள். வலைகள் குவித்த மதிலோரம், இரண்டு மீன்பாடி வண்டிகளுக்கு நடுவில், எங்கள் வேன் சாதுவாக நின்றது. பக்கவாட்டு முழுக்க ஈரக் கைகளின் அச்சு; செதில்கள் ஒட்டி மினுங்கின. யார் தள்ளினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அவள் பின்கதவைத் திறந்தாள். இரும்பு, பித்தளை, எல்லாம் அதனதன் குழியில். விரலால் ஒவ்வொன்றின் முத்திரையையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, புதன்கிழமை வருகிறேன் என்று யார்டுக்காரர்களிடம் சொன்னாள்.

புதன் காலை கடை வாசலில் வண்டியைக் கிளப்பினாள். பாஸ் கழுத்தில் தொங்கியது. சாப்பாட்டுத் தூக்கை சுவரோரம் சாய்த்து வைத்தாள். எண்ணூர்ப் பக்கம் வானம் சாம்பலும் பொன்னுமாக இருந்தது. டிரெய்லர்கள் ஏற்கெனவே ஊரத் தொடங்கியிருந்தன. நான் வழியனுப்பத்தான் வந்தேன். ஆனால் கால்களுக்கு அது தெரியவில்லை. மாதக்கணக்கில் பழகிய பழக்கம். இடதுபக்கக் கதவைத் திறந்து, ஏறி, உட்கார்ந்து, கதவைச் சாத்தியும்விட்டேன்.

அவள் ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி என்னையே பார்த்தாள். கோபமில்லை. அவசரம் மட்டும்.

"எறங்குண்ணா. கடைய தொற, மண்டிக்காரரு போர்டு இன்னிக்கே வோணும்னாரு."